டிரையாங்கிள்னா சார்ட் மட்டும்தானா?

ஷேர் மார்க்கெட் பக்கம் போனா டிரையாங்கிள்ங்கிறது சார்ட்ல வர்ற ஒரு பேட்டர்ன். விலை ஏறி இறங்குற அளவு சுருங்கிக்கிட்டே வரும். மேலேயும் கீழேயும் கோடு போட்டா ரெண்டும் ஒரு முனையை நோக்கிப் போகும். அது டிரேடிங் பண்றவங்க கவலை.

மாசச் சம்பளக்காரங்களுக்கு வேற ஒரு முக்கோணம் இருக்கு: பாதுகாப்பு, வருமானம், நினைச்ச நேரத்துல பணத்தை எடுக்கிற வசதி. மூணும் ஒரே இடத்துல முழுசா கிடைக்காது. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், ஒரு வங்கியில 5 லட்சம் ரூபாய் வரைக்கும் டெபாசிட் இன்ஷூரன்ஸும் உண்டு; வட்டிதான் கம்மி. பிபிஎஃப் பாதுகாப்பானது, ஆனா 15 வருஷத் திட்டம். இஎல்எஸ்எஸ் ஃபண்ட்ல நல்ல லாபம் வரலாம், நஷ்டமும் வரலாம். போட்ட பணத்தை 3 வருஷம் தொட முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, வரி மிச்சமாகும்னு சேமிப்பு மொத்தத்தையும் இஎல்எஸ்எஸ்ல போட்டேன். எட்டாவது மாசம் அப்பாவுக்கு ஆபரேஷன். ஆப்பைத் திறந்தா பணம் கண்ணுக்குத் தெரியுது, எடுக்க முடியல. பர்சனல் லோன் வாங்கித்தான் ஆஸ்பத்திரி பில் கட்டினேன். (மிச்சம் பிடிச்ச வரியைவிட கட்டின வட்டி ஜாஸ்தி!)

உங்க ஆறு மாசச் செலவுக்கான பணம் இப்போ இந்த முக்கோணத்துல எந்த மூலையில இருக்கு? ஒரு தடவை பார்த்துடுங்க.