பல்லாங்குழியில் ஒரு சோழி

காலை எட்டேகால் பேருந்து சரியான நேரத்துக்குத்தான் வந்தது. அதே ஓட்டுநர் அண்ணன், அதே 'பென்னாகரம் – தருமபுரி' பலகை. நிறம் மட்டும் மஞ்சள். 2023-ல் பழைய அரசுப் பேருந்துகளைப் பழுதுபார்த்து மஞ்சள் பூசினார்களே, அதில் ஒன்று. என் மகன் படியில் கால் வைக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன், பேருந்து போய் அரைமணி நேரமாகியும் எழவில்லை. "ரெண்டு போடும்மா, சரியாயிடுவான்" என்றார் ஒரு பெரியவர்.

அவனுக்கு ஆட்டிசம். அப்போது வயது எட்டு. பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதுவரை அதை அடம் என்றே நினைத்திருந்தேன். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்தான் கேட்டார்: "நமக்குப் பலகையில இருக்கிற பேருதான் பஸ். அவனுக்கு அந்தக் கலர்தான் பஸ். அது காணாமப் போச்சுன்னா பயப்படாம என்ன செய்வான்?"

ஆட்டிசம் பற்றி 1943-ல் எழுதிய கட்டுரையிலேயே மருத்துவர் லியோ கானர், எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்ற இந்தத் தவிப்பைக் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு அது பேருந்து நிறுத்தத்தில்தான் விளங்கியது.

"நான் வாரம் ஒருநாள்தான் வர முடியும். மத்த நாளெல்லாம் நீங்கதான் டீச்சர்" என்றும் சிறப்பாசிரியர் சொன்னார். மலைத்துப்போனேன். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2016-ல் வெளியானதைப் பின்னால் அறிந்தேன். நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்க, பிள்ளைகள் தாமாகப் பேச வருவது கூடியதாம். மாற்றத்தைச் சமாளிப்பது பற்றிய ஆய்வல்ல அது. ஆனாலும் 'நம்மாலும் முடியும்' என்ற தெம்பு வந்தது.

நான் கற்றவை இவை.

நாளைக் கையில் கொடுங்கள். 'அடுத்த வாரம்' என்றால் அவனுக்குப் பிடிபடாது. என் மாமியார் பரணில் கிடந்த பல்லாங்குழியை எடுத்துத் தந்தார். பதினான்கு குழி, இரண்டு வாரம். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு குழியில் ஒரு புளியங்கொட்டை போடுவான். புதுப் பள்ளிக்குப் போகும் நாளின் குழியில் அந்தப் பள்ளியின் சின்னப் படம். எங்கள் ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்?

எத்தனை நாள் முன்பு சொல்வது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதைப் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டேன். பத்து ராத்திரியும் அவன் தூங்கவில்லை. இப்போது ஊர்ப் பயணத்துக்கு இரண்டு குழி, பள்ளி மாற்றத்துக்குப் பதினான்கு.

ஒன்று மாறினால் மற்றது மாறக்கூடாது. புதுப் பள்ளிக்குப் புதுப் பை வாங்க ஆசைதான். வாங்கவில்லை. பழைய பை, பழைய டிபன் டப்பா, அதே தயிர் சாதம். ஆளில்லாத ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய் வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை மூன்றையும் காட்டினேன். செல்போனில் எடுத்த படங்களை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

ஏமாற்றாதீர்கள். "சும்மா கடைக்குப் போயிட்டு வரலாம்" என்று சொல்லி ஒருமுறை ஊசி போடக் கூட்டிப்போனேன். அதன்பின் நான்கு மாதம் என்னோடு கடைக்கு வரவில்லை. அழுதாலும் பரவாயில்லை, "ஊசி, வலிக்கும், அப்புறம் வீடு" என்று மூன்றையும் சொல்லிவிடுவதே மேல்.

உடைந்து அழும்போது பாடம் நடத்தாதீர்கள். அந்நேரம் எதுவும் காதில் ஏறாது. கூட்டத்தை விலக்கி, பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினால் போதும். பேச்செல்லாம் மறுநாள்.

இதற்கெல்லாம் அடங்காதது மழை விடுமுறை. சீருடை போட்டு, தலை வாரி முடித்தபின் கலெக்டர் அறிவிப்பு வரும். எந்தக் குழியில் அதை முன்கூட்டிக் காட்டுவது? அதற்கு வழி சொன்னவரும், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்று ஒரு காலத்தில் என்னைத் திட்டிய மாமியார்தான். "கொட்டை போட்டா நிச்சயம். சோழி போட்டா மாறினாலும் மாறும். அப்படிச் சொல்லிக் குடேன்!" முதலில் அவனுக்குப் பிடித்த மாற்றங்களுக்கே சோழி போட்டோம்: தோசைக்குப் பதில் பூரி, பாடத்துக்குப் பதில் ஊஞ்சல். சோழி என்றால் பயமில்லை என்று பழகவே மூன்று மாதம் ஆனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் பேருந்தில் இன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுகிறான். ஆனால் போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே கொஞ்சநேரம் பார்த்தான். அதைக் கீழே வைத்தான். டப்பாவைத் துழாவி, நாளைய குழியில் அவனே ஒரு சோழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.