விழுந்த குஞ்சைத் தொட்டால் தாய் சேர்க்காதா?

“சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், இரக்கத்தையும் நாம்தான் ஊட்டணும்” என்று சொல்லாத பெற்றோர் குறைவு. ஊட்ட நிறைய இருக்கிறது; ஆனால் உதவும் ஆசை பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்பெற்றது. துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைத் தவறவிட்டுவிட்டு, எட்டாமல் கையை நீட்டுகிறார். எதிரே ஒன்றரை வயதுக் குழந்தை. உதவு என்று யாரும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. இப்படிப் பல சோதனைகள். 24 குழந்தைகளில் 22 பேர் ஏதாவது ஒன்றிலாவது தாமாக உதவினார்கள். அவர் வேண்டுமென்றே கிளிப்பை வீசியபோதோ எடுத்துக் கொடுப்பது வெகுவாகக் குறைந்தது. தவித்து நிற்பவர் யார், சும்மா எறிபவர் யார் என்று அந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கிறார்கள்.

அதே வயதில் நம் வீட்டுப் பிள்ளை துடைப்பத்தை இழுத்துக்கொண்டு வரும். மூலையில் கூட்டிவைத்த குப்பை கூடமெல்லாம் பரவும். “நீ சும்மா இருந்தாலே பெரிய உதவி” என்போம். பத்து வயதில் அந்தப் பிள்ளை தின்ற தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை என்று புலம்புவதும் நாம்தான்! கீரை ஆய்கிறபோது பக்கத்தில் உட்காரவைத்தால் பாதிக் கீரை தரையில் கிடக்கும், வேலையும் இரட்டிப்பாகும். ஆகட்டுமே.

“அம்மாவுக்கு உதவினால் சாக்லேட்” என்பது அடுத்த நம்பிக்கை. அதே இருவர் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் இதையும் பார்த்தார்கள். உதவிக்குக் கூலியாகப் பொருள் வாங்கிப் பழகியவர்கள், அது நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். வெறும் பாராட்டு பெற்றோ, எதுவுமே பெறாமலோ உதவிய குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. எல்கேஜி வகுப்புகளில் நல்ல காரியத்துக்கெல்லாம் ஸ்டார் ஒட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

விருந்தாளி வீட்டுக் குழந்தை அழுதால், நம் பிள்ளையின் பொம்மையைப் பிடுங்கிக் கொடுக்கிறோமே, அதனாலும் பகிரும் குணம் வந்துவிடாது. “அவனுக்கும் கொஞ்ச நேரம் தருவியா, அப்புறமா தருவியா?” என்று கேட்டு, முடிவைப் பிள்ளையிடம் விடுவது மேல். சில நாள் “தரமாட்டேன்” என்றுதான் பதில் வரும்.

இயற்கை விஷயத்தில் கதை வேறு. இங்கே பிள்ளையிடம் அன்புக்குக் குறைவில்லை. விவரம்தான் போதாது, நம்மிடமும்தான். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். மனித வாடை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சு என்றால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் மெல்ல எடுத்து உள்ளே வைத்துவிடலாம். உடம்பெல்லாம் இறகு மூடி, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகும் மைனாக் குஞ்சோ கொண்டைக்குருவிக் குஞ்சோ என்றால் அது விழவே இல்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்து மரத்திலேயே இருக்கும், இரையும் கொண்டுவரும். பூனையை விரட்டிவிட்டு நாம் தள்ளி நிற்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? செருப்புப் பெட்டியில் பஞ்சு பரப்பி, குஞ்சின் வாயைத் திறந்து பால் விடுகிறோம். பறவைக்குப் பால் செரிக்காது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால், ஊற்றுவது நுரையீரலுக்கும் போய்விடும்.

புழு என்றால் சீ என்று தட்டிவிடுவது இன்னொன்று. கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். சில நாளில் அது பச்சையாகிக் கொழுக்கும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்த சிவப்புக் கொம்பு நீளும், ஒரு நெடியும் அடிக்கும். கடிக்காது. கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு அது. ஒரு கிளையை அதற்கென்று விட்டுவிட்டால் ரசத்துக்குத் தாளிக்க இலை குறையும், அவ்வளவுதான்.

எதையாவது செய்தால்தான் உதவி என்பதும் இல்லை. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேல், ஊர்க்காரர்கள் விளக்கே போடவில்லை. அதே மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களில் தீபாவளிக்கு வெடி கிடையாது. வெடி இல்லாத தீபாவளியை எந்தப் பிள்ளையும் அழாமல் ஏற்றிருக்காது. ஆனாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள்.

நகரத்தில் மொட்டை மாடி இருந்தால் கோடையில் தண்ணீர் வைக்கலாம். ஆழமில்லாத மண் தட்டு போதும். குருவி நிற்க நடுவில் ஒரு கல். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசு வளரும். அந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். குவளைத் தண்ணீரில் பாதி படிக்கட்டிலேயே சிந்தும். துடைக்கத் துணியையும் அதன் கையிலேயே கொடுத்துவிடலாம்.