முதியோர் இல்லமும் முதியோர் ஊரும் – உப்பளக் கரையை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

முன்னுரை

நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கல் என வகுத்தனர் நம் முன்னோர். அது தலைவனைப் பிரிந்த தலைவியின் இரங்கல். இன்றைய நெய்தற் கரையிலோ உழைத்து ஓய்ந்த முதியோரின் இரங்கலும் அதனோடு சேர்ந்து ஒலிக்கின்றது. உடல்நலத்தோடு இருக்கும் முதியோர், பிறர்க்குச் சுமையாகாமலும் தனிமையில் விடப்படாமலும் வாழ வழியுண்டா என்பதை மரக்காணத்து உப்பளக் கரையை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பளமும் முதுமையும்

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பழம்பெருமை வாய்ந்தது. சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. இங்குள்ள உப்பளங்களில் பாத்திகளில் உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிப்பர். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தொழில் நின்றுவிடும். வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை வருத்தும். உவர்நீர் பாதத்தைப் புண்படுத்தும். அறுபதை எட்டிய தொழிலாளி உப்பு வார இயலாதவர் ஆகலாம். ஆயினும் தாமே சமைத்து உண்ணவும், நடமாடவும், சிறுதொழில் செய்யவும் வல்லவராக இருப்பவர் பலர். மழைக்கால வறுமையில் வீட்டின் உணவு குறையும்போது, முதலில் தம் பங்கைக் குறைத்துக்கொள்பவரும் அவரே.

சட்டம் காணும் முதியோர்

தமிழக அரசு 1962ஆம் ஆண்டிலேயே முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 2023இல் அது மாதம் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மேல் சுமத்தும் நடுவண் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மாவட்டத்திற்கு ஒன்றேனும், 150 பேரேனும் தங்கத்தக்க முதியோர் இல்லம் அமைப்பது பற்றியும் அச்சட்டம் பேசுகின்றது. ஆனால் அவ்வில்லம் ஏதுமற்ற வறியோர்க்கு உரியது. பிள்ளையால் பேணப்படுவோர், கதியற்றோர் என்னும் இருவகையினரே சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுகின்றனர். தம் காலில் நிற்க வல்ல மூன்றாம் வகையினர் எங்கே வாழ்வது என்பதே ஈண்டு எழும் வினா.

இரு வழிகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960இல் திறக்கப்பட்ட சன் சிட்டி, நலமுள்ள முதியோர்க்கென்றே எழுந்த ஊராகும். அதனையொத்த குடியிருப்புகள் பின்னர்க் கோயம்புத்தூரிலும் பெருகின. தனித்தனி வீடு, பொது உணவுக்கூடம், வழுக்காத தளம், கைப்பிடிகள், அழைத்தவுடன் வரும் மருத்துவ உதவி ஆகியன அவற்றின் கூறுகள். இத்தகைய குடியிருப்புகளுக்கென நடுவண் அரசு 2019இல் மாதிரி நெறிமுறைகளையும் வெளியிட்டது. எனினும் இலட்சக்கணக்கில் பணம் செலுத்த வல்லார்க்கே அக்கதவு திறக்கும்.

மற்றொரு வழி மரக்காணத்திற்கு அண்மையிலேயே உள்ளது. தெற்கே புதுச்சேரியைக் கடந்தால் கடலூர் மாவட்டம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அனைத்தையும் இழந்த முதியோர்க்காக, ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் அங்குத் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. ஏறத்தாழ 100 பேர் வாழத்தக்க அவ்வூரில் வரிசைக் கட்டில்களுக்கு மாறாகக் குடில்கள் உள்ளன. பொதுச் சமையலும் தோட்டமும் உள்ளன. இயன்றவர் இயன்ற பணியைச் செய்கின்றனர். இல்லத்தில் முதியவர் பேணப்படுபவர். ஊரிலோ அவர் குடிமகன். இவ்வேறுபாடே கருதத்தக்கது.

ஒரு தடை

பெற்றோரைத் தனியே குடியமர்த்துவது பிள்ளையின் கடமையைக் கழித்துவிடும் சூழ்ச்சி ஆகாதா எனச் சிலர் வினவலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லும் கூடாது என்பது திருக்குர்ஆனின் போதனை. ஆனால் ஒரே கூரையின்கீழ் இருத்தி, நாள்தோறும் அச்சலிப்பைக் காட்டுவது கடமை நிறைவேற்றமாகுமா? தனிக்கதவு கடமையை நீக்காது. மகன் நாள்தோறும் வந்து காணும் தொலைவில் அக்கதவு இருத்தல் வேண்டும் என்பதே இத்தடைக்கு விடையாகும்.

மரக்காணத்திற்கு வேண்டுவது

எனவே உப்பளக் கரையில் வேண்டுவது பெரிய கட்டடம் அன்று. ஊருக்குள்ளேயே, வெள்ளம் ஏறாத மேட்டில், பத்துப் பதினைந்து சிறு வீடுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து தாழிடும் கதவு வேண்டும். உணவு பொதுவில் சமைக்கப்படலாம். உப்பைப் பொட்டலமிடல், கணக்கெழுதுதல், சிறுவர்க்குக் காவலிருத்தல் போன்ற பணிகளுக்குக் கூலியும் வேண்டும். கண், பாத நோய்களுக்கு மாதந்தோறும் மருத்துவர் வருதல் நலம். ஓய்வூதியத்தின் ஒரு பகுதி உணவுச் செலவுக்கு உதவும். எஞ்சியதை ஊராட்சியும் தொண்டு அமைப்புகளும் ஏற்கலாம். வழிப்போக்கர் தங்க முசாபர்கானா எழுப்பிய வக்ஃபு மரபு, வாழ்க்கைப் பயணத்தின் இறுதிக் கட்டத்தில் இருப்போர்க்கும் இடமளிப்பது அதன் நோக்கத்திற்கு இயைந்ததே.

முடிவுரை

நம் உணவுக்குச் சுவை சேர்த்தவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். முதுமையில் அவர்கள் கேட்பது இரக்கம் அன்று. தாழிட ஒரு கதவும், தட்டினால் திறக்க ஓர் அண்டை வீடும் ஆகும். தாமரைக்குளத்தில் இயன்றது மரக்காணத்திலும் இயலும். அதற்கு ஆழிப்பேரலை போன்றதொரு பேரிடர் மீண்டும் வரும்வரை காத்திராமல் முனைவது நம் கடனாகும்.