ஒரு நூல், ஒரு கல்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆய்வகம் கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்து காட்டாமல் இயற்பியலை எப்படி நடத்துவது?
– ஆசிரியை ஒருவர், தென்காசி

நீங்கள் செய்து காட்டவே வேண்டாம் டீச்சர், பிள்ளைகளையே செய்ய விடுங்கள். தனி ஊசலில் தொடங்குங்கள். நூல், கல், அளவுகோல், நேரம் பார்க்க உங்கள் செல்போன் போதும்.

ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, முடிச்சிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் வையுங்கள். லேசாக இழுத்துவிட்டு 20 அலைவுகளுக்கு நேரம் பார்த்தால் ஏறக்குறைய 40 விநாடி வரும். கல்லை விடும்போது 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் ஓர் அலைவு குறைந்துவிடும்.

கனமான கல்லுக்கு மாற்றும் முன், நேரம் மாறுமா என்று கேட்டு, கைதூக்கச் சொல்லுங்கள். மாறும் என்பார்கள் பலர். மாறாது. அந்த வியப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வி: நேரத்தைப் பாதியாக்க நூலை எவ்வளவு குறைக்க வேண்டும்? 50 சென்டிமீட்டர் என்று ஓடுவார்கள். 28 விநாடிதான் வரும். விடையைச் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சினாலும்! 25 சென்டிமீட்டரை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்கு ஒரு பாடவேளை முழுதும் போனாலும் போகட்டும்.

குழுவுக்குக் குழு அளவு வேறுபட்டால் திருத்தாமல் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். முடிச்சு நழுவியதா, எண்ணிக்கை தவறியதா என்று அவர்களே தேடுவார்கள்.