அந்த இருவரும் ஏன் விலகிப் போகவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தை இரண்டு தடவை பார்த்தேன். திரையிடலில் வாங்கிய கருத்துத் தாள்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். "அந்த ரெண்டு சிப்பாயும் எதுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க?" என்று முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்காக அவர்களுடைய சின்ன வயசுப் பகையைச் சொல்லும் பிளாஷ்பேக் ஒன்றை எடுத்துச் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். கேமராவை வாடகைக்கு எடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

ரிட்லி ஸ்காட்டின் முதல் படம் 'தி டூயலிஸ்ட்ஸ்'. 1977இல் வந்தது. அதுவரை விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஜோசப் கான்ராடின் கதை. நெப்போலியன் படையில் துபேர், ஃபெரோ என்று இரண்டு குதிரைப்படை அதிகாரிகள். 1800இல் ஸ்ட்ராஸ்பர்கில் மூண்ட சண்டை 1816 வரை ஓயவில்லை. பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்த படம். கான் விழாவில் முதல் படத்துக்கான பரிசு வாங்கியது.

எங்கள் பிலிம் சொசைட்டியில் இதைப் போட்ட ராத்திரி, விளக்கு எரிந்ததும் வழக்கமான பேச்சுதான் முதலில் வந்தது. ஒவ்வொரு காட்சியும் ஓவியம் மாதிரி இருக்கிறது, ஆனால் மனசில் ஒட்டவில்லை என்றார் ஒருவர். பிரெஞ்சு அதிகாரிகள் அமெரிக்க இங்கிலீஷ் பேசுவது காதை உறுத்துகிறது என்றார் இன்னொருவர். கீத் கராடினும் ஹார்வி கைட்டலும் அமெரிக்கர்கள். சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் நடிகர்கள். அதனால் அது கேட்கத்தான் செய்யும். இரண்டும் நியாயமான பேச்சு. மூன்றாவதாக ஒரு கல்லூரிப் பெண் உன் ரசிகர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

பதில் சொன்னது நான் இல்லை. பின்வரிசையில் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஏன்னு அவங்களுக்கே மறந்திருக்கும்மா. ஆனா ரெண்டு பேரும் விட்டுட்டுப் போக முடியாது. ரெஜிமெண்ட் பாத்துட்டிருக்கு" என்றார். பிறகு நிலவறைச் சண்டையைப் பற்றிப் பேசினார். அதில் இருவரும் கனமான வாளோடு மோதி மோதி, கடைசியில் ரத்தமும் வேர்வையுமாக, வாளைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் தள்ளாடுவார்கள். பெரியவர் தன் வலது கையை நீட்டி, மணிக்கட்டு எப்படித் துவளும் என்று எங்களுக்குக் காட்டினார். அந்தக் கை நிஜமாகவே நடுங்கியது. எனக்கு இன்றைக்கும் அந்தப் படம் என்றால் அந்தக் கைதான் ஞாபகம்.

அவர் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தேன். காரணம் என்று ஸ்காட் கொடுப்பது துளிதான். வாள் சண்டையில் மேயரின் உறவுக்காரனைக் காயப்படுத்தியதற்காக ஃபெரோவை அறையில் அடைக்கச் சொல்லித் தளபதி துபேரை அனுப்புகிறார். ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில், பலர் முன்னால் துபேர் வந்து அழைத்ததை ஃபெரோ அவமானமாக எடுத்துக்கொள்கிறான். அவ்வளவே. ஆனால் விலக முடியாததற்கான கட்டுகளைப் படம் வரிசையாகச் சொல்லிவிடுகிறது. போர் நடக்கும்போது தனிச்சண்டை கூடாது. ஒருவன் பதவியில் உயர்ந்துவிட்டால் கூடாது. துபேருக்குப் பதவி உயர்வு வந்ததும் நமக்கே மூச்சு வருகிறது. அடுத்தவனும் உயர்ந்து வந்து நிற்கும்போது அடைக்கிறது. மறுத்தால் கோழை என்ற பெயர். பல சண்டைகளில் துணைக்கு வந்தவர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1812இல் ரஷ்யப் பனியில் (அது ஸ்காட்லாந்தில் எடுத்தது) இருவரும் தற்செயலாக எதிர்ப்பட்டு, சேர்ந்து நின்று கோசாக்குகளைச் சமாளிக்கிறார்கள். துபேர் தன் குடுவையை நீட்டுகிறான். மற்றவன் இளகவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கே கட்டிப்பிடிக்க வைத்திருப்பார்கள்.

இப்போது உன் படத்துக்கு வா. 1806, வேலூர்க் கோட்டை, ஜூலைக் கலகத்துக்கு முந்தைய மாதங்கள். புதுத் தலைப்பாகை உத்தரவு, நெற்றிக் குறிக்குத் தடை, எல்லாம் சரியாக வைத்திருக்கிறாய். ஆனால் அந்த இரண்டு சிப்பாய்களில் ஒருவன் "போடா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன ஆகும்? உன் படத்தைப் பார்த்தால் ஒன்றுமே ஆகாது என்றுதான் தோன்றுகிறது. ஜனங்கள் தவித்தது அந்த இடத்தில். அதற்கு அவர்கள் காரணம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீயும் அதை அப்படியே நம்பி பிளாஷ்பேக் எழுத உட்கார்ந்துவிட்டாய். பழைய பகையை விளக்கிவிட்டால் கேள்வி தீரும், ஆனால் படம் இளைக்கும்.

22ஆவது நிமிஷத்தைப் பார். ஒருவன் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைக்கிறான், அடுத்தவன் அதைத் தாண்டிப் போகிறான். அருமையான இடம். அதை முழுக்க குளோசப்பில் எடுத்திருக்கிறாய். இரண்டு முகம், ஒரு துணி. பின்னால் ஒருவரும் இல்லை! அதே கம்பெனியில் அவனுடைய பங்காளிகள் இருப்பார்கள், ஊர்க்காரன் இருப்பான், ஊருக்குச் சேதி கொண்டுபோகிறவன் இருப்பான். சோறு வாங்க வரிசையில் நிற்கும் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கட்டும். ஒருவன் பாத்திரத்தைக் கீழே வைக்கட்டும். வசனம் வேண்டாம்.

அந்தக் காட்சிக்கு நீ அகலமாக ஒரு ஷாட் எடுத்ததாக உன் உதவியாளர் போனில் சொன்னார். வெளிச்சம் சரியில்லை என்று ஒதுக்கிவிட்டாயாம். ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க்கோடு வீட்டுக்கு வா. பிளாஷ்பேக் பணத்தில் கை வைக்கும் முன் அந்த ஷாட்டைப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்