மலை எவ்வளவு மழையைத் தாங்கும்?

இப்பாடத்தை ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். கொப்பியும் பென்சிலும் கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 25 சதுர மீற்றர். தோட்டப்புறத்தில் வீடு கட்டுவதற்கென்று கொடுக்கப்பட்ட 7 பேர்ச் துண்டு 177 சதுர மீற்றர் வரும். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் 'டித்வா' சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, நக்கிள்ஸ் மலைச்சாரலிலுள்ள கம்மடுவையில் 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 540 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. பெருக்கிப் பாருங்கள். அந்த ஒரு நாளில் 7 பேர்ச் துண்டின்மேல் மட்டும் விழுந்த தண்ணீர் 95,000 லீற்றருக்கு மேல். அதாவது பத்தாயிரம் லீற்றர் பிடிக்கும் தண்ணீர் பவுசர்கள் ஒன்பதரை. அதன் நிறையோ 95 தொன். ஓர் ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் 21 இலட்சம் லீற்றரைத் தாண்டும்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று? ஒரு பகுதி ஓடைகளில் இறங்கி சுது கங்கைக்கும் அம்பன் கங்கைக்கும் போயிற்று. மற்றப் பகுதி மண்ணுக்குள் போயிற்று. எமது பாடம் அந்த மண்ணுக்குள் போன தண்ணீரைப் பற்றியதே.

மாத்தளை மாவட்டத்தின் மாரி மழை வடகிழக்கிலிருந்து வருகிறது. வங்காள விரிகுடாவில் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்று, திருகோணமலை, பொலன்னறுவைச் சமவெளிகளைக் கடந்து வந்து நக்கிள்ஸ் மலைத்தொடரில் மோதுகிறது. மோதிய காற்று மேலேறியே ஆகவேண்டும். மேலேறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றினால் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்க முடியாது. ஆகவே லக்கல, ரத்தோட்டை, கம்மடுவைப் பக்கங்களில் கொட்டித் தீர்க்கிறது. சாதாரண மாரியில் மழை விட்டு விட்டுப் பெய்யும். தாழமுக்கமோ சூறாவளியோ சேர்ந்துகொண்டால் ஒரு வாரம் விடாது பெய்யும். 2012 டிசம்பரிலும் இம்மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் உண்டாயின. 2025இல் நவம்பர் நடுப்பகுதியிலிருந்தே நாட்டின் மலைப்பகுதிகளில் மழை பெய்துகொண்டிருந்தது. சூறாவளி அதன் பின்னர்தான் வந்தது. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெருந்தொகையானோர் மலைநாட்டில் மண்ணுக்குள் புதையுண்டவர்கள்.

இவ்விடத்தில் குளிர்நாடுகளைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டியுள்ளது. கனடாவில் உறவினர் இருப்பவர்கள் அங்கு கொட்டும் பனியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்நாடுகளின் மலைகளிலும் மாரிப் புயல் இதே விதமாகத்தான் மோதுகிறது. ஆனால் உயரத்தில் அது மழையாக விழாமல் பனியாக விழுகிறது. பனி விழுந்த இடத்திலேயே கிடக்கும். காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்தில் மலைமேல் சேரும் பனி, கோடையில் சிறிது சிறிதாக உருகி ஆறுகளுக்கு வருகிறது. வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் அதுவே தண்ணீர். பனிச்சரிவு என்ற ஆபத்து அங்கும் உண்டு. ஆயினும் மாரியில் விழுந்த தண்ணீரில் பெரும்பங்கை மாதக்கணக்கில் மலைமேலே வைத்துக்கொள்ளும் ஒரு களஞ்சியம் அவர்களுக்கு இருக்கிறது.

எமது மலைக்கு அந்த வசதி இல்லை. நக்கிள்ஸ் தொடரின் மிக உயர்ந்த சிகரமான கொம்பனியா 1,906 மீற்றர். நாட்டிலேயே உயர்ந்த பேதுருதாலகால மலை 2,524 மீற்றர். எமது வானத்தில் நீர் உறையும் உயரமோ ஏறக்குறைய 5,000 மீற்றர். (நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் தேயிலையையும் உருளைக்கிழங்கையும் கருக்கும் வெள்ளைப் பனி வேறு விடயம். அது வானத்திலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் நிலம் குளிர்ந்து புல்மேல் உறைவது.) ஆகவே எமது மாரி மழை முழுவதும் தண்ணீராகவே விழுகிறது, விழுந்த அன்றே இறங்கப் பார்க்கிறது. அதைத் தாமதப்படுத்தக்கூடிய களஞ்சியம் காடும் மண்ணுமே. காட்டின் கீழ்ச்செடிகளை வெட்டி ஏலம் போட்ட இடங்களிலும், செங்குத்தில் மரக்கறிப் பாத்தி போட்ட இடங்களிலும், பாதைக்காகச் சரிவின் அடியை வெட்டிய இடங்களிலும் அக்களஞ்சியம் முன்னரே பலவீனப்பட்டிருந்தது. காடு இருந்தால் சரிவே வராது என்று நாம் சொல்லவில்லை. ஒரே நாளில் 540 மில்லிமீற்றர் பெய்தால் நல்ல காடும் சரியலாம்.

மண் ஏன் சரிகிறது? மணல் நிரப்பிய ஒரு சாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது அதைச் சாய்வான பலகையில் வைத்தால் நிற்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் முதலில் சாக்கின் பாரம் கூடும். பிறகு மணல் மணிகளுக்கு நடுவே நிரம்பிய தண்ணீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளும். ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளரும். அடியில் பாறை இருந்தால் தண்ணீர் அதன்மேல் தேங்கி வழுக்கலாக்கும். ஒரு கட்டத்தில் சாக்கு நகரும். முன்னைய நாட்களின் மழையை மலை மறந்துவிடுவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். மழை விட்ட பிறகும் சில சரிவுகள் ஏன் வருகின்றன என்பதும் விளங்கும். மேலே வெயில் அடித்தாலும் உள்ளே தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு மூன்று அளவுகளைச் சொல்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். இவற்றைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல் மனப்பாடம் செய்யட்டும்.

ஆனால் ஒரு வாரம் இப்படிப் பெய்ததாக வைத்துக்கொள்வோம்: திங்கள் 40, செவ்வாய் 55, புதன் 60, வியாழன் 45, வெள்ளி 70. எந்த நாளும் 75ஐத் தாண்டவில்லை. கூட்டினால் 270. சனிக்கிழமை 80 பெய்தால் அது வெறும் விழிப்பு நிலைதானா? சாக்கு ஏற்கெனவே ஊறியிருக்கிறது. அப்படியான வாரத்தில் ஒரு படி முன்னதாகவே எழும்பிவிடுவது நல்லது என்பது எமது அபிப்பிராயம். இது நிறுவனத்தின் விதியல்ல. எம்முடைய பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மழையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமான, வளைவு நெளிவில்லாத பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டி, அதைப் புனல் போலக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான இடம் வரும்வரை தண்ணீர் ஊற்றி, அவ்விடத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறித்துக்கொள்ளுங்கள். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் கம்பு நட்டுக் கட்டிவிட்டு, தினமும் காலை 8.30க்கு வாசித்து, எழுதி, மீண்டும் பூச்சியக் கோட்டுக்கு நீரைக் கொண்டுவர வேண்டும். கடும் மழையில் மாலையிலும் இரவிலும் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். கம்மடுவையின் அந்நாள் மழைக்கு இந்தப் போத்தல் இரண்டு தடவைக்கு மேல் நிரம்பி வழிந்திருக்கும்.

போத்தல் இல்லாதவருக்கும் நிலம் சில அறிகுறிகளைக் காட்டும். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு. நேற்றுவரை திறந்த கதவு இறுகுதல். மரமும் மின்கம்பமும் சாய்தல். இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படுதல், அல்லது இருந்த ஊற்று வற்றுதல். எல்லாவற்றிலும் மோசமானது, மழை பெய்யும்போதே ஓடையில் தண்ணீர் திடீரெனக் குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து அதை அடைத்துவிட்டது என்று அர்த்தம். அடைப்பு உடைந்தால் கல்லும் மரமும் சேறுமாக ஓடை வழியே வரும். அப்போது சரிவு தொடங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் கீழேயுள்ள வீட்டுக்கும் தப்பில்லை. ஓடையை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடக்கூடாது. பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் கிராம உத்தியோகத்தருக்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

இனி, இடம்பெயர்ந்தவர்களை அதிகம் வாட்டும் விடயத்துக்கு வருவோம். இரவில் பாடசாலையிலோ உறவினர் வீட்டிலோ படுத்து, பகலில் மலைக்குப் போய் மாட்டுக்குப் புல் போட்டு, மிளகுக் கொடியைப் பார்த்துவருவது எத்தனையோ குடும்பங்களின் வழக்கம். "அரை மணித்தியாலத்தில் வந்துவிடுகிறேன்" என்றுதான் அப்பா போகிறார். போகவே வேண்டாம் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. மாடு பட்டினி கிடக்க யார் சம்மதிப்பார்? முடிந்தால் மாட்டையே கீழே கொண்டுவந்து கட்டுங்கள். முடியாவிட்டால், முதல்நாள் போத்தல் அளவைப் பார்த்து, மழை இல்லாத நேரத்தில், தனியாகப் போகாமல், திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

நிலத்தைத் திருத்தும்போது ஒரு திருத்தத்தை நாமும் செய்துகொள்ள வேண்டியுள்ளது. மண்ணரிப்பைத் தடுக்க மட்ட வடிகான் வெட்டி, இடையிடையே தடை வைத்து, நீரை மண்ணுக்குள் இறக்குங்கள் என்றே நாம் சொல்லிவந்தோம். உறுதியான நிலத்துக்கு அது இன்றும் சரியே. வெடிப்பு விட்ட சரிவுக்கு அது எதிரி. அங்கே நீரை உள்ளே விடாமல், சரிவுக்கு மேலேயே வழிமறித்து, கல் பதித்த கானால் பக்கத்து உறுதியான ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். வெடிப்பைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். கிணறு, குளிக்கும் தொட்டி, மலசலகூடக் குழி எதுவும் அதன்மேல் வேண்டாம். பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவின் ஒரு திருச்சபைப் பண்ணையில் 1970களில் உருவான முறையைப் பின்பற்றி, சமவுயரக் கோட்டில் கிளிரிசிடியா நட்டவர்கள் இங்கும் உண்டு. மேல்மண்ணைப் பிடிக்க அது மிக நல்லது. வெட்டிவேரும் நல்லது, அதன் வேர் மூன்று மீற்றர்வரை போகும். அதற்கும் கீழே மண் பிளந்து நகர்ந்தால் எந்தப் புல்லும் பிடிக்காது. ஆகையால் நிறுவனத்தின் அலுவலர் வந்து பார்த்துச் சொல்லும்வரை வெடித்த நிலத்தில் வீடு கட்டக் காசு போடாதீர்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அங்கே 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்கள் கேட்கவில்லை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். லயத்தை விட்டால் போவதற்கு நிலம் எங்கே இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் எழும்பிப் போவது எம் பொறுப்பு. போய்ச் சேர ஓர் உறுதியான இடத்தை, உறுதிப்பத்திரத்துடன் கேட்பது எம் உரிமை. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதும்போது, உங்கள் போத்தல் கணக்கையும், வெடிப்பு தோன்றிய திகதியையும், அதன் நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

உங்கள் பக்கத்து ஓடை எங்கே தொடங்குகிறது? அதன் வழியில் எத்தனை வீடுகள் உள்ளன? அடுத்த மாரியில் காலை 8.30க்குப் போத்தலை வாசிப்பது யார், அவர் இல்லாத நாளில் யார்? நள்ளிரவில் வெளியேற வேண்டி வந்தால் நடக்க முடியாத பாட்டியைத் தூக்குவது யார், எந்த வழியால்?