சீகன்பால்குவின் வலது கை

தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு ஐயரை நமக்குத் தெரியும். குருண்ட்லரைத் தெரியுமா நண்பர்களே?

ஜெர்மனியில், ஹாலே ஊரில் வாத்தியாராக இருந்தவர். 1709-ல் தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்தார். சீகன்பால்குவுக்கோ பிரசங்கம், பள்ளிக்கூடம், மொழிபெயர்ப்பு, அச்சுக்கூடம் என்று ஓயாத வேலை. கூடவே இருந்து பாரத்தைச் சுமந்தவர் இவர். (நடுவிலே நம்ம ஊர் வைத்தியத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதவும் செய்தார்!)

1714-ல் சீகன்பால்கு ஐரோப்பா போனார், திரும்பியது 1716-ல். அதுவரை எல்லாப் பொறுப்பும் குருண்ட்லர் தலையில்தான். புதிய ஏற்பாட்டின் அச்சு வேலை முடிந்தது 1715-ல், அதாவது ஐயர் ஊரில் இல்லாதபோது! எனக்கு இதுதான் பெரிசாப் படுது.

1719-ல் சீகன்பால்கு 36 வயதில் இறந்தார். மறு வருஷமே குருண்ட்லரும் போய்விட்டார். தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனா, ரெண்டு பேர் கல்லறையையும் பாத்துட்டு வாங்க.